அயர்லாந்துப் பிரிவினை நோட்ஸ், 112 பக்கம், 180 ரூபாய்: வாங்கலாம், ஆனால் கையில் சிவப்புப் பேனாவோடு

ராமநாதபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில் இந்த மஞ்சள் அட்டை நோட்ஸ் கிடைக்கிறது. அட்டையில் எழுதியவர் பெயர் இல்லை, கடைப் பெயரும் இல்லை. ஏ4 அளவில் 112 பக்கம், பின்னட்டை உறையில் நாலாக மடித்த ஏ3 கலர் மேப் ஒன்று. மொத்தம் 180 ரூபாய், மேப் மட்டும் வேண்டுமென்றால் 40. வாட்ஸ்அப்பில் சொல்லிவைத்தால் மறுநாள் தயாராக இருக்கும். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துக்காரர்களுக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறார்கள்.

யாருக்கு இது வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில், உலக வரலாற்றின் கீழ் தேச எல்லைகளை மாற்றி வரைதல் என்று ஒரு தலைப்பு உண்டு. அதற்கும் எம்.ஏ. வரலாறு படிப்பவர்களுக்கும் இது உதவும். குரூப் 2, குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு 112 பக்கம் வீண் செலவு. அவர்களுக்குத் தேவை நம் அரசியலமைப்பில் அயர்லாந்திலிருந்து எடுத்த அம்சங்கள் மட்டும்தான். அது 88 முதல் 91 வரை நாலே பக்கம். தெரிந்தவர் நோட்ஸிலிருந்து நகல் எடுத்துக்கொண்டால் போதும்.

தாள் 70 ஜி.எஸ்.எம்., இரண்டு பக்கமும் பிரிண்ட். ஹைலைட்டர் போட்டால் மறுபக்கம் ஊறித் தெரிகிறது, பென்சிலால் கோடு போடுவதே நல்லது. பைண்டிங்கில் கம்பிச் சுருளும் இருக்கிறது, பிளாஸ்டிக் சுருளும் இருக்கிறது. சொல்லாவிட்டால் கம்பிதான் போடுகிறார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்றில் கம்பி ஒரே மழைக்காலத்தில் துருவேறி, துளைகளைச் சுற்றிப் பழுப்புக் கறை படிந்து, ஓரத்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இனி உள்ளடக்கம். முதல் 20 பக்கம் நன்றாக இருக்கிறது. 1609 முதல் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் குடியேறிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தது, 1690 பாய்ன் போர், 1801 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, பிரிட்டனோடான இணைப்பு, 1845 முதல் 1849 வரையிலான உருளைக்கிழங்குப் பஞ்சம் எல்லாம் சுருக்கமாக, தேவையான அளவுக்கு இருக்கின்றன. 17ஆம் பக்கத்தில் அயர்லாந்துக்குச் சுயாட்சி கொடுக்கும் மசோதாக்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். இந்த நோட்ஸிலேயே உருப்படியான பக்கம் அதுதான். 1886 மசோதா பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் மக்கள் சபையிலேயே தோற்றது. 1893 மசோதா மக்கள் சபையில் தேறி, பிரபுக்கள் சபையில் விழுந்தது. 1912இல் மூன்றாவது வந்தபோது நிலைமை வேறு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த பாராளுமன்றச் சட்டம் பிரபுக்களின் தடை அதிகாரத்தைப் பிடுங்கித் தாமதப்படுத்தும் அதிகாரமாகக் குறைத்திருந்தது. பிரபுக்கள் சபை காப்பாற்றும் என்று அதுவரை இருந்த அல்ஸ்டர் யூனியனிஸ்டுகளுக்கு, அதாவது பிரிட்டனோடேயே இருக்க வேண்டும் என்றவர்களுக்கு, அந்தக் கதவு மூடிவிட்டது. அதனால்தான் 1912 செப்டம்பர் 28 அன்று சுயாட்சியை எதிர்க்கும் உடன்படிக்கையில் கையெழுத்து இயக்கம், 1913 ஜனவரியில் அல்ஸ்டர் தொண்டர் படை, 1914 ஏப்ரலில் லார்ன் துறைமுகத்தில் துப்பாக்கி இறக்கம் என்று போனது. ஒன்று நடந்ததால்தான் அடுத்தது நடந்தது என்று இந்தச் சங்கிலியைத் தமிழில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன தேர்வு நோட்ஸ் குறைவு.

அதற்குப் பிறகு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சிக்கு 14 பக்கம். சினிமா மாதிரி எழுதியிருக்கிறார்கள், தேர்வுக்கு ஒன்றரைப் பக்கம் போதும். 1916 ஏப்ரல் 24 முதல் 29 வரை ஆறு நாள். எழுச்சி நடந்தபோது டப்ளின்காரர்கள் பலருக்கு அதன்மேல் கோபம்தான். பிடிபட்டவர்களைப் பிரிட்டன் மே மாதத்தில் ஒரே நாளில் இல்லாமல் பல நாளில் சுட்டுக் கொன்றதும், எழுச்சியில் பங்குள்ள கேஸ்மென்டை ஆகஸ்டில் லண்டனில் தூக்கிலிட்டதும் சேர்ந்து மொத்தம் 16 பேர் ஆனதுதான் மனத்தை மாற்றியது. 1918இல் கட்டாய ராணுவச் சேர்ப்பு வரப்போகிறது என்ற பயம் மீதியைச் செய்தது. அந்த டிசம்பர் தேர்தலில் 105 இடங்களில் 73 தனிக் குடியரசு கேட்ட ஷின் ஃபெய்ன் கட்சிக்குப் போனது. நோட்ஸில் இந்த 73 இருக்கிறது, ஆனால் 25 தொகுதிகளில் போட்டியே இல்லாமல் ஜெயித்தார்கள் என்பது விட்டுப்போயிருக்கிறது. ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மக்கள் ஆதரவைப் பற்றி எழுதும்போது உதவும். கட்சிப் பெயரையும் சின் பீன், சின் ஃபின், சின்ன் ஃபெயின் என்று மூன்று விதமாக அச்சடித்திருக்கிறார்கள். உச்சரிப்பு ஷின் ஃபெய்ன். நேர்முகத் தேர்வு வரை போகிறவர்களுக்கு இது முக்கியம்.

கோளாறு தொடங்குவது 43ஆம் பக்கத்தில். '1922இல் ஒப்பந்தப்படி அயர்லாந்து பிரிக்கப்பட்டது' என்று ஒரு வரி. இந்த ஒரு வரியால் அடுத்த முப்பது பக்கமும் கோணலாகிவிட்டது. நடந்த வரிசை இது. அயர்லாந்து அரசுச் சட்டத்துக்கு 1920 டிசம்பர் 23 அன்று மன்னர் ஒப்புதல். 1921 மே 3 அன்று அது நடைமுறைக்கு வந்து தீவு சட்டப்படி இரண்டானது. ஜூன் 22 அன்று பெல்ஃபாஸ்டில் ஐந்தாம் ஜார்ஜ் வடக்கின் பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். ஐரிஷ் விடுதலைப் போரில் போர்நிறுத்தம் ஜூலை 11. லண்டனில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது டிசம்பர் 6. ஆக, ஐரிஷ் தரப்பில் மைக்கேல் காலின்ஸும் ஆர்தர் கிரிஃபித்தும் மேசையில் உட்கார்ந்தபோது பிரிவினை இனி நடக்கப்போகும் காரியம் இல்லை, ஏற்கெனவே நடந்து முடிந்த காரியம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அரசாங்கத்தைக் கலைப்பது பற்றித்தான் அவர்கள் பேச வேண்டியிருந்தது. 43ஆம் பக்கத்தில் 1922 என்பதை அடித்துவிட்டு '1921 மே 3, ஒப்பந்தத்துக்கு ஏழு மாதம் முன்பே' என்று எழுதுங்கள். 1922 டிசம்பர் 6 ஒப்பந்தப்படி அயர்லாந்தின் சுதந்திர அரசு பிறந்த நாள். மறுநாளே வடக்கு அதிலிருந்து விலகிக்கொண்டது. அந்த விலகலைத்தான் நோட்ஸ் எழுதியவர் பிரிவினை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது கோளாறு அல்ஸ்டரும் வட அயர்லாந்தும் ஒன்று என்று 45ஆம் பக்கம் சொல்வது. அல்ஸ்டர் பழைய மாகாணம், அதில் ஒன்பது கவுண்டிகள். வட அயர்லாந்து ஆறு: ஆன்ட்ரிம், அர்மா, டவுன், ஃபெர்மானா, லண்டன்டெர்ரி, டைரோன். விட்டுப்போனவை டோனிகால், கேவன், மோனகன். ஏன் ஒன்பது ஆறானது என்பதற்கு நோட்ஸில் பதிலே இல்லை, ஆனால் பிரிவினையின் முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. கத்தோலிக்கர் பெரும்பாலும் பிரிட்டனை விட்டுப் போக நினைத்தவர்கள், புராட்டஸ்டன்ட்கள் பெரும்பாலும் யூனியனிஸ்டுகள். 1911 கணக்கெடுப்பில் ஒன்பது கவுண்டிகளையும் சேர்த்தால் கத்தோலிக்கர் கிட்டத்தட்ட 44 சதவீதம். ஆறை மட்டும் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. ஒன்பதை வைத்துக்கொண்டால் இரண்டு தேர்தலில் ஆட்சி கைமாறலாம், ஆறு என்றால் அந்தப் பயம் இல்லை. 1920 மார்ச்சில் அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கவுன்சில் ஆறுக்கு ஒப்புக்கொண்டது. அந்த மூன்று கவுண்டி யூனியனிஸ்டுகளும் 1912இல் அதே உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். சொந்தக் கட்சியே கைவிட்டது என்ற மனக்குறை அவர்களுக்கு. இன்னொரு பக்கம், ஆறுக்குள் வைத்துக்கொண்ட ஃபெர்மானாவிலும் டைரோனிலும் கத்தோலிக்கர்தான் பெரும்பான்மை. நாலு கவுண்டி போதாது, தனி ஆட்சிக்கு ரொம்பச் சிறிது என்பதால் அவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். மக்கள் விருப்பப்படி பிரித்தது என்று 46ஆம் பக்கத்தில் இருப்பதை இதோடு வைத்துப் பார்த்தால் நிற்காது. 1920 ஜூலை முதல் 1922 நடு வரை பெல்ஃபாஸ்டில் மட்டும் 500 பேரளவுக்குச் செத்தார்கள் என்பதும் நோட்ஸில் இல்லை.

மூன்றாவது, பலரும் செய்கிற தப்பு. ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் தெற்கில் நடந்த உள்நாட்டுப் போர், பிரிவினையை எதிர்த்து நடந்ததாக 52ஆம் பக்கம் சொல்கிறது. 1922 ஜனவரி 7 அன்று டப்ளினில் ஐரிஷ் சபையில் ஒப்பந்தம் 64க்கு 57 என்று தேறியது. அதற்கு முன் நடந்த வாதத்தில் நேரம் போனதெல்லாம் மன்னருக்கு எடுக்க வேண்டிய உறுதிமொழி, மன்னருக்குக் கீழே சுயாட்சி என்ற டொமினியன் அந்தஸ்து, குடியரசைக் கைவிடுவதா என்பவற்றில்தான். வடக்கைப் பற்றிப் பேசியது கொஞ்சம். காரணமும் உண்டு. ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவில் எல்லை ஆணையம் வரும் என்றிருந்தது. அது வந்தால் கத்தோலிக்கர் அதிகமுள்ள பகுதிகள் தெற்கோடு சேர்ந்துவிடும், மிச்சம் தனியாக நிற்க முடியாது என்று இரு தரப்புமே கணக்குப் போட்டிருந்தார்கள். 1922 ஜூன் 28 அன்று தொடங்கி 1923 மே 24 அன்று ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லும்வரை நடந்த சண்டையின் காரணம் கேட்டால் முதலில் உறுதிமொழி, குடியரசு என்று எழுதுங்கள். ஆகஸ்ட் 12 அன்று கிரிஃபித் இறந்ததும், பத்தே நாளில் பியல் நா பிளாவில் காலின்ஸ் சுடப்பட்டதும் நோட்ஸில் சரியாக இருக்கின்றன.

அந்த எல்லை ஆணையத்துக்கு நோட்ஸ் கொடுத்திருப்பது இரண்டு வரி. 180 ரூபாய் கொடுத்தவருக்கு இங்கேதான் வயிறெரியும். தேச எல்லைகள் என்று கேள்வி வந்தால் எழுத வேண்டியதே இதுதான். 58ஆம் பக்கத்துக்கு எதிரே ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி இதை எழுதிக்கொள்ளுங்கள்:

12ஆம் பிரிவின் வாசகத்தில் இரண்டு பாதி. எல்லை குடியிருப்போர் விருப்பத்தின்படி அமையும் என்பது ஒன்று. பொருளாதார, புவியியல் நிலைமைகளோடு ஒத்துப்போகும் அளவுக்கு என்பது மற்றது. வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று எங்கேயும் இல்லை, எந்த அளவு நிலப்பகுதியை வைத்து விருப்பத்தைக் கணக்கிடுவது என்றும் இல்லை. தென்னாப்பிரிக்க நீதிபதி ரிச்சர்ட் ஃபீத்தம் தலைவர், சுதந்திர அரசின் சார்பில் ஓயின் மக்நீல். வடக்கு தன் ஆளை நியமிக்க மறுத்ததால் அதற்காக லண்டனே ஜே.ஆர். ஃபிஷரை நியமித்தது. 1924 நவம்பரில் வேலை தொடங்கியது. ஃபீத்தம் இரண்டாவது பாதிக்கு எடை கொடுத்தார். வடக்கு வடக்காகவே இருக்க வேண்டும், ஆங்காங்கே திருத்தம் மட்டுமே செய்யலாம் என்று அதற்குப் பொருள் கொண்டார். 1925 நவம்பர் 7 அன்று மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் விஷயம் கசிந்தது. தெற்கு அர்மாவில் கொஞ்சம் தெற்குக்கு வருகிறது, ஆனால் கிழக்கு டோனிகாலில் ஒரு பகுதி வடக்குக்குப் போகிறது. வாங்கத்தான் போகிறோம் என்று இருந்த டப்ளினுக்குக் கொடுக்கவும் வேண்டுமென்றதும் அதிர்ச்சி. 20ஆம் தேதி மக்நீல் ராஜினாமா. டிசம்பர் 3 அன்று மூன்று அரசுகளும் கையெழுத்திட்டு, எல்லை இருந்தபடியே இருக்கட்டும் என்று முடித்துக்கொண்டன. அதற்கு ஈடாகப் பிரிட்டனின் பொதுக்கடனில் சுதந்திர அரசு ஏற்க வேண்டிய பங்கு தள்ளுபடி. அறிக்கையைப் பூட்டிவைத்தார்கள், 1969இல்தான் அச்சில் வந்தது.

1947ஐ இதோடு ஒப்பிட்டால் பதில் கனக்கும். இந்தியா, பாகிஸ்தான் எல்லையை வரைந்த ராட்கிளிஃப் ஜூலை 8 அன்று இந்தியா வந்து ஆகஸ்ட் 17 அன்று கோடு வெளியானது. ஆறு வாரம்கூட இல்லை, அதுவும் சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. அயர்லாந்தில் நாலரை வருடம் இழுத்து, கடைசியில் பழைய கவுண்டி எல்லையே தேச எல்லையானது. கவுண்டி எல்லைகள் தேசத்தைப் பிரிக்கப் போட்டவை அல்ல, ஓடை, வேலி, பண்ணை என்று போகிற போக்கில் போனவை. அதனால்தான் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லையில் 200க்கு மேல் சாலைகள் கடக்கின்றன. குளோன்ஸிலிருந்து கேவன் போகும் ஒரே சாலை சுமார் பத்து கிலோமீட்டருக்குள் நாலு தடவை நாடு மாறுகிறது. பெட்டிகோ என்ற ஊரில் டெர்மன் ஆறு ஓடுகிறது. அக்கரைத் தெருவுக்கு டல்லிஹோமன் என்று பெயர், அது வேறு நாடு.

மேப்பைப் பற்றி. அச்சு தெளிவு, கவுண்டிப் பெயர் எல்லாம் தமிழில், ஆறு கவுண்டிக்கும் தனி நிறம். ஆனால் நாலாக மடித்ததில் ஒரு மடிப்பு நேராக எல்லைக்கோட்டின் மேற்குப் பாதி மேல் விழுகிறது. பத்து தடவை பிரித்து மடித்தால் மை உரிந்து, வேறெந்தக் கோட்டுக்கும் முன்னால் எல்லைக்கோடுதான் அழிகிறது. கடைக்காரரிடம் மடிக்காமல் சுருட்டித் தரச் சொல்லலாம், கேட்டால் தருகிறார். லேமினேஷன் போடுவதென்றால் ஓரத்தில் அரை அங்குலம் விட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஓரத்தை நெருக்கி வெட்டினால் ஈரக்காற்று உள்ளே போய்ப் பால் மாதிரி வெளுத்துவிடும்.

மேப்பில் ஒரு பெரிய பிழை, அதுவும் நம் கரையில் இருப்பவர்கள் கண்டுபிடித்திருக்க வேண்டிய பிழை. வடமேற்கில் லோ ஃபாயில் என்ற கடற்கழிக்கு நடுவே அழகாக ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கோடு கிடையாது. கழி முழுக்கத் தனது என்பது பிரிட்டனின் வாதம், அயர்லாந்து அதை ஏற்றதே இல்லை. 1921இலிருந்து இன்றுவரை முடிவாகவில்லை. பாக் நீரிணையில் 1974லும் மன்னார் வளைகுடாவில் 1976லும் இந்தியாவும் இலங்கையும் அட்ச, தீர்க்க ரேகை குறித்துக் கடலில் கோடு போட்டன. கோடு இருக்கிறது, தகராறும் இருக்கிறது. ஃபாயிலில் கோடு இல்லை, ஆனால் மீன்பிடிக்கு ஏற்பாடு இருக்கிறது. 1952இல் இரண்டு அரசும் சேர்ந்து ஃபாயில் மீன்வள ஆணையத்தை அமைத்தன. 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த வேலையும் கார்லிங்ஃபோர்டு கழியும் சேர்ந்து, லோஸ் ஏஜென்சி என்ற ஒரே அமைப்பிடம் வந்தன. நம் பக்கத்துச் சொல்லில் சொன்னால், எந்தக் கரைக்காரர் போனாலும் டோக்கன் கொடுப்பது ஒரே ஆபீஸ். அதிலும் ஓட்டை உண்டு. கடலடி யாருடையது என்று தீராததால் சிப்பி வளர்ப்புக்கு உரிமம் கொடுக்க முடியாமல் போய், கழியில் சிப்பி வளர்க்கும் ஆயிரக்கணக்கான இரும்புச் சட்டகங்கள் உரிமமில்லாமல் முளைத்தன. எல்லைத் தகராறு பற்றி 15 மதிப்பெண் கேள்வி வந்தால் இந்த இரண்டு கடலையும் பக்கத்தில் வைத்து எழுதுகிற வசதி ராமநாதபுரம் கடற்கரையில் படிப்பவருக்குத்தான் அதிகம். மேப்பில் அந்தக் கோட்டை வெள்ளை மையால் அழித்துவிடுங்கள்.

சுங்கம் பற்றிய 63ஆம் பக்கத்தில், பிரிவினைக்குப் பின் கடக்க பாஸ்போர்ட் தேவைப்பட்டதாக இருக்கிறது. ஆளுக்கும் சரக்குக்கும் வேறுவேறு விதி. 1923 ஏப்ரல் 1 முதல் சரக்குக்குச் சுங்கச் சாவடி. ஆட்களுக்குப் பொதுப் பயண ஏற்பாடு, பாஸ்போர்ட் வேண்டாம். 1993 ஜனவரி 1 அன்று ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சாவடிகள் போயின. ராணுவச் சோதனைச் சாவடிகள் 1998க்குப் பிறகுதான் போயின. இந்த இரண்டையும் கலந்தால், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட் தகராறு புரியாது.

வடக்கின் கலவரக் காலத்துக்கு 66 முதல் 86 வரை இருபத்தொரு பக்கம். குண்டு வெடித்த தேதிகளின் வரிசையாகவே போகிறது. ஏன் வெடித்தது என்பதற்கு 'மதப் பகை' என்று ஒரே சொல். அதை விட்டுவிட்டு ஒரு நகரத்தின் வார்டுக் கணக்கைப் பாருங்கள். 1960களின் நடுவில் டெர்ரி மாநகராட்சி. தெற்கு வார்டில் கத்தோலிக்க வாக்காளர் 10,047, மற்றவர் 1,138, அந்த வார்டுக்கு 8 இடம். வடக்கு வார்டில் 2,530க்கு எதிராக 3,946, அதற்கும் 8 இடம். வாட்டர்சைடு வார்டில் 1,852க்கு 3,697, 4 இடம். கூட்டினால் 14,429 கத்தோலிக்கருக்கு 8 உறுப்பினர், மற்றவர் 8,781 பேருக்கு 12 உறுப்பினர். இந்த எண்கள் அரசே அமைத்த கேமரன் விசாரணை அறிக்கையில் வந்தவை. உள்ளாட்சி ஓட்டு வீட்டு வரி கட்டுகிறவருக்குத்தான் என்றிருந்ததால் மாநகராட்சி வீடு ஒதுக்குவது ஓட்டு ஒதுக்குவதாகவும் ஆனது. கத்தோலிக்கருக்கு வீடு கொடுத்தால் அந்த வார்டு சாயும், ஆகவே கொடுக்க மாட்டார்கள். 1967இல் தொடங்கிய குடிமை உரிமைச் சங்கத்தின் கோரிக்கைகள் ஆளுக்கொரு ஓட்டு, வீடு, வேலை. 1968 அக்டோபர் 5 அன்று டெர்ரியில் அந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்தது டெலிவிஷனில் வந்தது. அங்கிருந்து 1969 ஆகஸ்டில் ராணுவம், 1971 ஆகஸ்டில் விசாரணையில்லாச் சிறை, 1972 ஜனவரி 30இல் ரத்த ஞாயிறு. இப்படிப் படித்தால் தேதிகள் மனத்தில் நிற்கும்.

அதே அத்தியாயத்தில் சிரிப்பு வரவைக்கும் ஒரு வரி: 'டெர்ரி, லண்டன்டெர்ரி ஆகிய இரு நகரங்களில்'. ஊர் ஒன்றுதான். எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்து ஆள் எந்தப் பக்கம் என்று அங்கே கண்டுபிடிப்பார்கள். விடைத்தாளில் ஒன்றை எடுத்து அதையே கடைசிவரை எழுதுங்கள். 'ரத்த ஞாயிறு' என்று பொருளடக்கத்தில் ஒரே தலைப்பு இருப்பதும் தப்பு, இரண்டு இருக்கின்றன. ஒன்று 1920 நவம்பர் 21, டப்ளின், கால்பந்து மைதானத்தில் சுட்டது. மற்றது 1972, டெர்ரி, அன்றே 13 பேர், பின்னர் ஒருவர். ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் குடியரசுப் படை 1919 முதல் 1998 வரை ஒரே அமைப்பு என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். 1969 டிசம்பரில் பிளவுபட்டு வந்த தற்காலிக ஐ.ஆர்.ஏ.தான் கலவரக் காலத்து அமைப்பு.

1998 ஏப்ரல் 10 அமைதி ஒப்பந்தத்துக்குக் கொடுத்த ஐந்து பக்கம் பரவாயில்லை. மே 22 வாக்கெடுப்பில் வடக்கில் 71.1, தெற்கில் 94.4 சதவீதம் ஆதரவு என்பது சரி. அரசியலமைப்பின் 2, 3ஆம் பிரிவுகளில் வடக்கின்மேல் இருந்த உரிமைக்கோரலைத் தெற்கு விட்டுக்கொடுத்ததும், வடக்கின் பெரும்பான்மை சம்மதமில்லாமல் நிலை மாறாது என்று எழுதியதும் இருக்கின்றன. முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் சம அதிகாரம் கொண்டவர்கள், ஒருவர் விலகினால் இருவருமே போக வேண்டும் என்ற விஷயம் நோட்ஸில் இல்லை. சட்டசபை 2017 முதல் 2020 வரையும் 2022 முதல் 2024 வரையும் முடங்கியதற்கு அதுதான் திறவுகோல். 1998க்கு மேல் நோட்ஸ் போகவே இல்லை. 2016 வாக்கெடுப்பில் வடக்கில் 55.8 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே ஓட்டுப் போட்டது, நிலத்தில் சாவடி வேண்டாம் என்பதற்காகச் சுங்கச் சோதனை வடக்குக்கும் பிரிட்டனுக்கும் நடுவில் இருக்கும் கடலுக்குப் போனது, 2023 வின்ட்சர் ஏற்பாடு அதைத் தளர்த்தியது, 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி 45.7, புராட்டஸ்டன்ட் 43.5 என்று முதல்முறையாக வரிசை மாறியது, 2024 பிப்ரவரியில் ஷின் ஃபெய்னின் மிஷெல் ஓ'நீல் முதல் அமைச்சரானது: இவ்வளவையும் கடைசிப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு கவுண்டியைத் தேர்ந்தெடுத்த அந்த 1920 கணக்கு நூறு வருடம் தாங்கியது என்று 45.7ஐ வைத்து எழுதலாம்.

இந்தியத் தொடர்பு அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது. 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் தொடங்கிய ஹோம் ரூல் லீக், டப்ளினில் சட்டம் படித்த வி.வி. கிரி, 1920இல் ஜலந்தரிலும் சோலனிலும் கன்னாட் ரேஞ்சர்ஸ் படையின் ஐரிஷ் சிப்பாய்கள் செய்த கலகம், அதற்காக டக்ஷாயில் நவம்பர் 2 அன்று சுடப்பட்ட ஜேம்ஸ் டேலி என்று எல்லாம் பிழையில்லாமல் இருக்கின்றன. ஒன்று மட்டும் சேர்க்கலாம். 1949 ஏப்ரல் 18 அன்று குடியரசான அயர்லாந்து காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அதே மாதக் கடைசியில், குடியரசாகவும் இருக்கலாம் காமன்வெல்த்திலும் இருக்கலாம் என்று இந்தியாவுக்காக லண்டன் பிரகடனம் வந்தது.

கடைசி 16 பக்கம் கொள்குறி வினாக்கள், 150. விடைப்பட்டியலில் திருத்த வேண்டியவை: அயர்லாந்து குடியரசான ஆண்டு 1937 அல்ல, 1949. வழிகாட்டு நெறிமுறைகளுக்கு மூலம் 1922 அரசியலமைப்பு அல்ல, 1937 அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு. முதல் குடியரசுத் தலைவர் டி வலேரா அல்ல, 1938இல் பதவியேற்ற டக்ளஸ் ஹைட். டி வலேரா 1959இல்தான் அந்தப் பதவிக்கு வந்தார். மாநிலங்களவை நியமன உறுப்பினர் 12, அயர்லாந்து செனட்டில் 11, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

தப்புகளைச் சொன்னால் கடைக்காரர் குறித்துக்கொள்கிறார், எழுதிய ஆசிரியரிடம் கொடுப்பதாகவும் சொல்கிறார். அதுவரை 43, 45, 46, 52, 58, 63 பக்கங்களைத் திருத்திக்கொண்டுதான் படிக்க வேண்டும். முன்பே எடுத்துவைத்த பிரதிகளில் சிலவற்றில் 97ஆம் பக்கம் இரண்டு தடவை வந்து 98 விடுபட்டிருக்கிறது. காசு கொடுப்பதற்கு முன்னால் அந்த இடத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள், அங்கேயே மாற்றித் தருகிறார்கள்.